செய்மதிப் படத்தில் சிவப்பு, தோட்டத்தில் முற்றின வெங்காயம்: எவ்வளவு நம்பலாம்?

உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதமாக மனதைப் போட்டு அரிக்கிற விஷயம்.

எங்களுக்கு யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு பரப்புச் செம்மண் தோட்டம். அப்பாவுக்கு 72 வயது. நான்கு வருடமாக இறைப்பு, கூலி, கணக்கு எல்லாம் நான்தான் பார்க்கிறேன். எதை எப்போது நடுவது, எப்போது கிண்டுவது என்பதை அப்பா சொல்வார். இந்த முறை மார்கழிக் கடைசியில் நான்கு பரப்பில் வெங்காயம் வைத்தோம். மிச்சம் இரண்டு பரப்பில் பீற்றூட்டும் கொஞ்ச மிளகாயும்.

தை மாதத்தில் ஒரு திட்டத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், மரியாதையாகப் பேசினார்கள். தோட்டத்தைச் சுற்றி நடந்து போனிலே எல்லையைக் குறித்தார்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை செய்மதி படம் எடுக்கும், பச்சை என்றால் பயிர் நல்லது, மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் பயிருக்கு ஏதோ குறை என்று விளங்கப்படுத்தினார்கள். 90 வீதம் துல்லியம் என்றும் சொன்னார்கள். முதல் போகம் இலவசம் என்றதால் நானும் சம்மதித்தேன்.

மாசி முழுவதும் எங்கள் வெங்காயம் மஞ்சளாகவே இருந்தது. பக்கத்து வாழைத் தோட்டம் கடும் பச்சை. எனக்கு அதுவே ஒரு கவலை. ஆனால் நேரில் போய்ப் பார்த்தால் தாள் நிமிர்ந்து நல்ல செழிப்பு. பங்குனி முதல் வாரம் தோட்டத்தில் முக்கால்வாசி சிவப்பாகிவிட்டது. கூடவே ஒரு செய்தி: நீர் அல்லது தழைச்சத்துக் குறைபாடு இருக்கலாம், உடனே கவனிக்கவும்.

அப்பா அதைப் பார்த்துவிட்டு, "தாள் சாயத் தொடங்கிவிட்டது பிள்ளை, இது முற்றுகிறது. தண்ணியை நிற்பாட்டு, பத்து நாளில் கிண்டலாம்" என்றார். நான் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, மேலே இருந்து பார்க்கிற கருவிக்கு எங்களுக்குத் தெரியாதது தெரியும் என்று நினைத்தேன். இரண்டு இறைப்பு கூட இறைத்தேன். யூரியாவும் போட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் கிணற்றுக் கட்டில் இருந்தார்.

கிண்டினபோது காய் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்துத் தடித்து, காயாமல் இருந்தது. விதைக்கென்று பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்ட ஐந்து அந்தரில் (ஒரு அந்தர் ஏறக்குறைய 50 கிலோ) இரண்டு அந்தர் ஒரு மாதத்துக்குள் அழுகிப்போனது. மணம் வீட்டு விறாந்தைவரை வந்தது.

என் கேள்விகள் இவைதான். செய்மதி பிழையாகக் காட்டியதா, நான் பிழையாக விளங்கிக்கொண்டேனா? நான்கு பரப்புத் தோட்டம் வானத்திலிருந்து உண்மையிலேயே தனியாகத் தெரியுமா? அந்த 90 வீதம் என்பது எதில் 90 வீதம்?

இன்னொன்றும் உண்டு. ஒரு கூட்டத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பயிர்ப் பச்சையின் கோட்டுப் படம் ஒன்று காட்டினார்கள். 2018 முதல் 2021 வரை ஒரே மட்டமாகப் போகிற கோடு, 2022 தொடக்கத்தில் படியில் இறங்குவதுபோல் கீழே விழுந்து, பிறகு எழும்பவே இல்லை. மண் செத்துக்கொண்டிருக்கிறது என்றார் ஒருவர். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


புத்தூர்ச் சந்தி எழுதியது:

தங்கச்சி, வாசிக்கவே கவலையாக இருக்கிறது. பதில் சொல்லக்கூடியவர்கள் வருவார்கள், அதற்கு முதல் இரண்டு மூன்று விபரம் எழுதிவிடுங்கள். தோட்டத்தின் நீள அகலம் எவ்வளவு? வேலி என்ன வேலி, பனை நிற்கிறதா? பக்கத்தில் என்ன பயிர்? எனக்கும் இதே வரைபடம் வந்தது. என் பீற்றூட்டுப் பாத்திக்குள் வேலிப் பூவரசின் பச்சையையும் சேர்த்துப் பயிர் அமோகம் என்று காட்டியது. நேரில் பாதிப் பாத்தி வெறுமையாகக் கிடந்தது.


உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

நன்றி அண்ணை. சரியாக அளந்ததில்லை, வெங்காயம் வைத்த துண்டு அகலம் ஒரு 25 மீற்றர், நீளம் 40 மீற்றர் வரும். மூன்று பக்கம் கிளுவை வேலி. தெற்குப் பக்க எல்லையில் ஐந்து பனை வரிசையாக நிற்கிறது. கிழக்கே வாழை, மேற்கே புகையிலை, வடக்கே ஒழுங்கை.


வரைபட வேலை எழுதியது:

தங்கை, நான் 11 வருடமாக இந்தப் படங்களோடுதான் வேலை செய்கிறேன். வீடு அச்சுவேலி, அம்மா அப்பா இன்னும் தோட்டம் செய்கிறார்கள். அதனால் உங்கள் கேள்வியை வேலைக்காரனாகவும் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளையாகவும் வாசித்தேன்.

முதலில் உங்கள் அப்பா சொன்னது முழுக்கச் சரி. செய்மதி காட்டியதும் பிழை இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் "குறைபாடு" என்று யாரோ எழுதிவைத்த சொல்தான் பிழை.

ஐந்து நாளுக்கு ஒருமுறை, இலவசம் என்கிறபடியால் அது பெரும்பாலும் ஐரோப்பியர்களின் சென்டினல்-2 ஆகத்தான் இருக்கும். முதலாவது செய்மதி 2015 இல் ஏவப்பட்டது, இரண்டாவது 2017 இல். எப்போதும் இரண்டு செய்மதி மாறி மாறி வருவதால்தான் ஐந்து நாள். எங்கள் தலைக்கு மேலே காலை பத்தரை மணியளவில் போகும். அது தரையைச் சதுரக் கட்டங்களாகத்தான் பார்க்கும். பயிர்ப் பச்சையைக் கணக்கிடுகிற நிறங்களில் ஒரு கட்டம் 10 மீற்றருக்கு 10 மீற்றர். அந்த 100 சதுர மீற்றருக்குள் என்ன இருந்தாலும் அதற்கு ஒரே ஒரு எண்தான்.

இப்போது எங்கள் கணக்குக்கு வாருங்கள். ஏக்கருக்கு 16 பரப்பு. அப்படியென்றால் ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர், அதாவது இரண்டரைக் கட்டம். உங்கள் நான்கு பரப்பு பத்துக் கட்டம். பத்து என்றால் போதும்போல இருக்கும். ஆனால் செய்மதியின் கட்டங்கள் உங்கள் வேலியோடு ஒட்டி நிற்பதில்லை. 25 மீற்றர் அகலத்துக்குள் முழுக்கட்டம் ஒன்றோ இரண்டோதான் அகப்படும். 40 மீற்றர் நீளத்துக்குள் மூன்று. ஆகவே தனி வெங்காயம் மட்டும் உள்ள கட்டம் மூன்றிலிருந்து ஆறு. தோட்டம் கொஞ்சம் சரிவாகத் திரும்பியிருந்தால் அதிலும் குறையும். மிச்சக் கட்டங்களில் கிளுவையும் வாழையும் புகையிலையும் ஒழுங்கை மண்ணும் கலந்திருக்கும். படமே சில மீற்றர் அங்கே இங்கே விலகி விழும். எல்லை குறித்த போனும் வெட்டவெளியில் ஒரு ஐந்து மீற்றர் தவறும், மரத்தின் கீழே இன்னும் கூடத் தவறும்.

பனையை மறக்கக்கூடாது. தை மாதத்தில் பத்தரை மணிக்குச் சூரியன் தென்கிழக்கில் ஐம்பது பாகை உயரத்தில் நிற்கும். 20 மீற்றர் உயரப் பனை என்றால் நிழல் 16 மீற்றருக்கு மேல் வடமேற்காக விழும். உங்கள் பனை தெற்கே நிற்பதால் அது நேரே வெங்காயத்துக்கு மேலேதான். எங்கள் ஊரில் செய்மதி வேலை செய்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது பனையைத்தான் என்று நான் எப்போதும் சொல்வேன்.

அடுத்தது, அந்தப் பச்சை எண் எப்படி வருகிறது என்பது. அதற்கு என்டிவிஐ என்று பெயர். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி எறியும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் பிரித்தால் அந்த எண். நிலத்தை இலை எவ்வளவு மூடியிருக்கிறது, அந்த இலை எவ்வளவு பச்சை என்பதற்குத்தான் அது அளவு. பயிருக்குத் தண்ணீர் காணாதா, பூச்சியா, முற்றலா என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

வாழை இலை பாயை விரித்ததுபோல் நிலத்தை மூடும். வெங்காயத் தாள் ஊசிபோல் மேலே நிற்கும். எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் மேலே இருந்து பார்த்தால் தாளுக்கு நடுவே செம்மண் தெரியும். உங்களுக்கு மாசி முழுக்க மஞ்சள் வந்த காரணம் அதுதான். நிலத்தை முழுதாக மூடும் பயிருக்கு வைத்த அளவுகோலை வெங்காயத்துக்கும் வைத்திருக்கிறார்கள். மண்ணின் பங்கைக் கொஞ்சம் குறைத்துக் கணக்கிடுகிற வேறு சூத்திரங்கள் உண்டு, 1988 இலேயே வந்த சாவி (SAVI) என்பது ஒன்று. அதையாவது பாவித்திருக்கலாம். பயிர் எது என்று கேட்டு, பயிருக்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பங்குனியில் நடந்தது இன்னும் எளிது. நட்டு 65 நாள். தாள் மஞ்சளாகிச் சாய்கிறது, காய் முற்றுகிறது. பச்சை குறையத்தான் வேண்டும். அந்த நேரம் பச்சையாகவே இருந்தால்தான் நான் பயந்திருப்பேன். நடுகைத் திகதியைப் போனில் கேட்டு வாங்காத ஒரு முறை, முற்றலையும் வாடலையும் எப்படிப் பிரிக்கும்? ஒரேயொரு திகதி. அதைக் கேட்டிருந்தால் உங்கள் இரண்டு அந்தர் தப்பியிருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, என் தொழிலில் உள்ளவர்கள் செய்த வேலை இது.

நீர்க் குறைபாடு என்றும் எழுதியிருந்தார்களே. ஈரத்தைக் காட்டுகிற நிறம் சென்டினல்-2 இல் 20 மீற்றர்க் கட்டம். அதாவது ஒரு கட்டம் 400 சதுர மீற்றர், ஒன்றரைப் பரப்புக்கும் மேலே. உங்கள் வெங்காயத்துக்குள் வேறு எதுவும் கலக்காத அப்படியான கட்டம் ஒன்று அகப்பட்டாலே அதிர்ஷ்டம். மூன்று மீற்றர் அளவில் நாளாந்தம் எடுக்கிற தனியார் படங்களும் இருக்கின்றன, அதில் ஒரு பரப்புக்கு 28 கட்டம் வரும், ஆனால் காசு கொடுக்க வேண்டும். எங்கள் வலிகாமத்துத் தோட்டங்களுக்கு அந்த அளவாவது வேண்டும், அல்லது ட்ரோன் வேண்டும்.

இந்த 90 வீதம் பற்றி. எதில் 90 என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. சாதாரணமாக, சில இடங்களுக்கு நேரில் போய் என்ன பயிர் என்று பார்ப்பார்கள், வரைபடம் சொன்னதோடு ஒப்பிட்டு எத்தனை பொருந்தியது என்று எண்ணுவார்கள். 100 இடம் பார்த்தேன் என்று வையுங்கள். அதில் 85 நெல்வயல், 15 வெங்காயம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாமே நெல் என்று சொன்னாலும் 85 வீதம் சரி. வெங்காயத்தில் பூச்சியம். அதனால் மொத்த எண்ணைக் கேட்கவேண்டாம். வெங்காயத் தோட்டங்களில் எத்தனையை வெங்காயம் என்று கண்டுபிடித்தது, வெங்காயம் என்று சொன்ன இடங்களில் எத்தனை உண்மையில் வெங்காயம், இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எங்கே போய்ப் பார்த்தீர்கள் என்றும் கேளுங்கள். பெரிய பெரிய வயல் உள்ள இடத்தில் எடுத்த எண்ணைக் கொண்டுவந்து உரும்பிராயில் சொல்லக்கூடாது. அதோடு, பயிரின் பெயரைச் சரியாகச் சொல்வது வேறு, பயிரின் குறையைச் சரியாகச் சொல்வது வேறு. முன்னதில் 90 எடுத்துவிட்டுப் பின்னதற்கும் அதே எண்ணைச் சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்டுப் படம் பற்றிக் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதுகிறேன். 2022 தொடக்கம் என்று நிச்சயமாகத் தெரியுமா? படிபோல் ஒரே இடத்தில் விழுந்ததா, சரிவாக இறங்கியதா?


உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

படிபோல்தான் அண்ணை. கூட்டத்தில் எடுத்த போட்டோ என்னிடம் இருக்கிறது, இப்போதும் பார்த்தேன். 2022 தை கடைசி. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரம் விழுகிறது. சிலது மட்டும் என்றில்லை.


கைதடி வெளி எழுதியது:

பிள்ளை, நான் படிப்பித்து ஓய்வுபெற்றவன், இப்போது கைதடிப் பக்கம் வயல்தான் வாழ்க்கை. தம்பி எழுதியதை எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் செய்மதிப் படத்தை ஒரேயடியாக வெறுத்துவிடாதே. எனக்கு அது செய்த உதவியைச் சொல்கிறேன்.

எங்கள் வயல் உப்பாற்றுக் கடல்நீரேரிப் பக்கம் சரிந்து கிடக்கிறது. வெளி முழுக்க ஒரே காலத்தில் புழுதி விதைப்பு, மழையை நம்பின காலபோகம். வரம்பைத் தவிர நடுவில் வேறொன்றும் இல்லை. பத்து மீற்றர்க் கட்டத்துக்கு இப்படியான இடம்தான் பொருத்தம். என் மகன் கோப்பர்நிக்கஸ் உலாவி என்கிற, சென்டினல் படம் பார்க்கும் இணையத்தளத்தில் ஒரு கணக்குத் திறந்து தந்தான், இலவசம். மழை விட்ட தை மாதப் படத்தை 2017 இலிருந்து ஒவ்வொரு வருடமும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒரே மூலையில், ஒரே வடிவத்தில், வருடாவருடம் பச்சை குறைவு. அங்கே விளைச்சல் குறைவென்று எனக்கும் தெரியும்தான். ஆனால் அது எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது, எந்தத் திசையில் நாக்கு நீட்டியிருக்கிறது என்று வரம்பில் நின்று பார்த்து எனக்கு ஒருநாளும் விளங்கினதில்லை. மண் எடுத்துச் சோதிக்கக் கொடுத்தேன், உவர்தான். இப்போது அந்த மூலைக்குப் பசளை கொட்டிக் காசைக் கரைப்பதில்லை, அங்கே வரம்பை உயர்த்தி மழைத் தண்ணியைத் தேக்கிக் கழுவ விடுகிறேன்.

ஒரு வருடத்துப் படத்தை நம்பி நான் ஒன்றும் செய்திருக்கமாட்டேன். பக்கத்து வயல்காரர் மொட்டைக்கறுப்பன் விதைப்பார், நான் மூன்றரை மாத நெல் விதைப்பேன். என் நெல் பழுக்கும்போது அவருடையது பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து என் பயிர் செத்துவிட்டது என்று படம் சொன்னால் நான் என்ன செய்வது?

இன்னொரு விஷயம், இது எல்லா வயல்காரருக்கும். கார்த்திகை, மார்கழியில்தான் எங்களுக்குப் படம் தேவை, அப்போதுதான் முகில். சென்டினல்-2 இல் பல முறை வெறும் வெள்ளைப் பஞ்சுதான் தெரிந்தது. ரேடார்ச் செய்மதி முகிலுக்குள்ளாலும் பார்க்கும் என்றார்கள். 2024 கார்த்திகை வெள்ளத்தின்போது அதைத் தேடினேன். அந்த நேரம் சென்டினல்-1 ரேடார்ச் செய்மதி ஒன்றுதான் வேலை செய்தது, 12 நாளுக்கு ஒருமுறை. வெள்ளம் எங்களிடம் நான்கு நாளில் வடிந்துவிட்டது. அதுமட்டுமில்லை. தம்பி இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்: ரேடாரில் வெட்டவெளித் தண்ணீர் கறுப்பாகத் தெரியும், ஆனால் தண்ணிக்கு மேலே தலை நீட்டி நிற்கிற நெல் கறுப்பாகத் தெரியாதாமே? அப்படியென்றால் முழங்காலளவு தண்ணிக்குள் வேர் அழுகிக்கொண்டு நிற்கிற வயலை, வெள்ளம் இல்லாத வயல் என்று அந்தப் படம் சொல்லும். படத்தை வைத்து நட்டஈடு தீர்மானிப்பதென்றால் அந்த வயல்காரன் கதி என்ன?


வரைபட வேலை எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னது சரி. ரேடார் அலை தண்ணியில் பட்டுத் தெறித்து, பிறகு நிமிர்ந்து நிற்கிற தண்டில் பட்டுச் செய்மதிக்கே திரும்பிவிடும். அதனால் பயிர் நிற்கிற வெள்ளம் கறுக்காது, சில நேரம் முன்பைவிடப் பளிச்சென்றுகூடத் தெரியும். முன்னைய படத்தோடு ஒப்பிட்டு அந்தப் பளிச்சையும் வெள்ளமாக எண்ணத் தெரிந்தவர் பார்த்தால்தான் உண்டு. நட்டஈட்டு வேலையில் ரேடார்ப் படம் வெள்ளம் இருந்தது என்று சொன்னால் சாட்சியாக எடுக்கலாம், வெள்ளம் இல்லை என்று சொன்னதை வைத்து ஒரு விண்ணப்பத்தையும் தள்ளக்கூடாது. நான் இதை வேலையிடத்திலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விதைத்தவர்கள் அந்த வாரமே திகதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணி மட்டம் தெரிய ஒரு தடியை நட்டுவிட்டு எடுங்கள்.

புழுதி விதைப்பைப் பற்றி நீங்கள் எழுதியதும் முக்கியம் ஐயா. நெல்வயலை ரேடாரில் கண்டுபிடிக்கிற முறைகளில் பல, நாற்று நடுவதற்கு முதல் வயலில் தண்ணி கட்டி நிற்பதைத்தான் முதல் அடையாளமாகத் தேடும். எங்களிடம் அந்த நிலையே இல்லை. வேறு நாட்டில் நன்றாக வேலை செய்த முறை யாழ்ப்பாணத்துக்கு வந்து தடுமாற இதுவும் காரணம்.

தங்கை, உங்கள் கோட்டுப் படம். இனிமேல் நித்திரை கொள்ளலாம். மண் சாகவில்லை.

சென்டினல்-2 படங்களைச் சீராக்கி வெளியிடுகிற முறையை 2022 ஜனவரி 25 இல் மாற்றினார்கள். அன்றிலிருந்து வருகிற படங்களில் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டி வைத்திருக்கிறார்கள். கடும் இருளான இடங்களில் எண் பூச்சியத்துக்குக் கீழே போய் வெட்டுப்படக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. கணக்குப் போடமுதல் அந்த 1000 ஐக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால் என்ன வரும் என்று பாருங்கள். நல்ல பயிரில் சிவப்பு 500, அகச்சிவப்பு 4000 என்று வையுங்கள். வித்தியாசம் 3500, கூட்டுத்தொகை 4500, பிரித்தால் 0.78. அதே பயிர், 1000 கழிக்காமல்: 1500, 5000. வித்தியாசம் அதே 3500, கூட்டுத்தொகை 6500. பிரித்தால் 0.54. ஒரு இலையும் வாடவில்லை, எண் மட்டும் விழுந்துவிட்டது. எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில், படிபோல், பிறகு எழும்பாமல்.

மண் கெடுவதென்றால் ஒரே கிழமையில் எல்லா வேலிக்குள்ளும் சேர்த்துக் கெடாது. உப்பு ஏறினாலும் கிணறு வற்றினாலும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் நிற்கும், ஐயாவின் மூலை மாதிரி. கூட்டத்தில் அதைக் காட்டியவரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: 2022 ஜனவரிக்குப் பிறகு வந்த படங்களில் 1000 கழித்தீர்களா? ஒரு நாளில் திருத்திவிடலாம். கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம், இது படித்தவர்களே விடுகிற பிழை.

உங்கள் தோட்டத்துக்கு இனி என்ன செய்யலாம் என்றால், எல்லையிலிருந்து பத்து மீற்றர் உள்ளே தள்ளி ஒரு சிறு எல்லை குறித்துப் பாருங்கள். 25 மீற்றர் அகலத்தில் உள்ளே ஐந்து மீற்றர்ப் பட்டிதான் மிஞ்சும். அதற்குள் நடுப்புள்ளி விழுகிற கட்டங்களை மட்டும் பாருங்கள், மற்றதை விடுங்கள். வாழையோடு ஒப்பிடாதீர்கள், போன முறை இதே நாள் வயதில் உங்கள் வெங்காயம் என்ன எண் காட்டியது என்று ஒப்பிடுங்கள். முகில் நிழல் விழுந்த நாளை நீக்கிவிடுங்கள். கலர்ப் படத்தை விட்டு எண்ணைக் கேளுங்கள். நட்டு முப்பது நாளில் எண் திடீரென்று விழுந்தால் உடனே போய்த் தாள் திருகல் இருக்கிறதா என்று பாருங்கள். அறுபதாம் நாளில் விழுந்தால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.


உரும்பிராய்த் தோட்டம் எழுதியது:

அண்ணை, ஐயா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவும், ஞாயிற்றுக்கிழமைவரை ஆள் பிடிக்க முடியாமல் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தோம்.

நேற்று நாடா பிடித்து அளந்தேன். அகலம் 26, நீளம் 39. ஐந்து பனையையும் கிளுவை வேலியையும் கொப்பித் தாளில் கீறி, அண்ணை சொன்னபடி கட்டங்களைப் போட்டுப் பார்த்தேன். வேலியும் நிழலும் படாத கட்டம் மூன்று. பத்தில் மூன்று. மிச்ச ஏழின் நிறத்தையும் சேர்த்துத்தான் நான் யூரியா வாங்கப் போயிருக்கிறேன்.

அந்தத் திட்டத்தில் உள்ள ஒரு பிள்ளைக்குப் போன் எடுத்து அந்த 1000 பற்றிக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பார்த்துச் சொல்கிறேன் அக்கா என்றார். இரவு பத்து மணிக்குத் திரும்ப எடுத்து, கழிக்கவில்லைத்தான், திருத்தின கோடு மட்டமாக வருகிறது என்றார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. நான் ஏசவில்லை. வெங்காயத்துக்கு நடுகைத் திகதி கேட்கிற இடம் ஒன்று போனில் வைக்கச் சொன்னேன், வைக்கிறேன் என்றிருக்கிறார். கூட்டத்துக்கு வந்த மற்றத் தோட்டக்காரர்களுக்கும் அந்தத் திருத்தின கோட்டைக் காட்டவேண்டும் என்று கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை. அதை விடமாட்டேன். அங்கே இருந்த ஒருவர் காணியை விற்கலாமா என்று யோசித்தவர்.

அந்த மூன்று கட்டத்தின் எண்களையும் வாங்கித் திகதி வாரியாக எழுதி அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்தக் கிழமை நீ கடைசிக் களை பிடுங்கினாய்", "இது மழை தூறின நாள்" என்று தன் பாட்டில் சொல்லிக்கொண்டு வந்தவர், பங்குனி தொடங்குகிற இடத்தில் நிறுத்தினார். எண் இறங்கத் தொடங்கிய அதே கிழமைதான் தாள் சாய்ந்தது என்றார். கொப்பியை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தில் "முற்றல்" என்று எழுதித் தந்தார்.

அடுத்த நடுகைக்கு எனக்கு இரண்டு அந்தர் விதை வெங்காயம் குறைகிறது. கழுத்து நன்றாகக் காய்ந்த, கொட்டிலில் தொங்கவிட்ட விதை யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள். நானே வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.